மயில் போட்ட காசு

வீராயிக்கு அந்தக் காசு கிடைத்தது 1960ஆம் வருஷம் மாசி மாதத்தில். நெய்வேலி டவுன்ஷிப்பில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஒரு பிளாக்குக்குக் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். புருஷன் பாவாடை மண்வெட்டியால் வெட்டிப் போட, அவள் கூடையில் அள்ளித் தூரத்தில் கொட்டிவிட்டு வருவாள். இடுப்பளவு ஆழம் போயிருந்தபோது செம்மண் கட்டி ஒன்று உடைந்து, அதற்குள்ளிருந்து மஞ்சளாக ஏதோ எட்டிப் பார்த்தது. எடுத்து முந்தானையில் துடைத்தாள். நாலணாக் காசு அளவு இருந்தது. ஆனால் கனம் அதிகம். ஒரு பக்கம் உச்சந்தலையில் கொண்டை போட்ட ஒரு பெண்ணின் முகம். மறுபக்கம் ஒரு மயில். மயிலின் தலைக்கு நேர் மேலே யாரோ எந்தக் காலத்திலோ போட்ட துளை.

பொன் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அவள் மனசில் முதலில் பட்டது மயில்தான்.

அவளுக்கு ஒரே மகள். பாப்பா என்று பெயர், ஐந்து வயது. காய்ச்சல் கண்டால் அந்தப் பெண்ணுக்கு வலிப்பு வரும். கண் செருகி, பல் கிட்டி, விறைத்துக்கொள்ளும். முந்தைய வருஷத்தில் மட்டும் மூன்று தடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் பிள்ளை போய்விட்டது என்றே வீராயி நினைத்தாள். முருகனுக்கு முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டு இன்னும் போக முடியாமல் இருந்தாள். அந்த நேரத்தில் மண்ணுக்குள்ளிருந்து மயில் வந்தது.

அன்று சாயங்காலம் குடிசையில் காசை வாங்கிப் பார்த்த பாவாடை, "இத வித்தா ஒரு காணி நெலமே வாங்கலாம்" என்றான்.

"சாமி குடுத்தத வித்துத் துன்னச் சொல்றியா?" என்றாள் வீராயி.

அதோடு அவன் அந்தப் பேச்சை விட்டுவிட்டான். மகள் விஷயத்தில் அவனுக்கும் பயம் இருந்தது. வீராயி காசைக் கறுப்புக் கயிற்றில் கோத்து, பாப்பாவின் கழுத்தில் மயில் வெளியே தெரியும்படி கட்டினாள். சித்திரையில் குடிசைகளில் அம்மை வந்தது. நாலு குழந்தைகள் படுத்தன. பாப்பாவுக்கும் இரண்டு நாள் உடம்பு கொதித்தது. வலிப்பு வரவில்லை. மூன்றாம் நாள் எழுந்து கூழ் கேட்டாள். அதற்குப் பிறகு வீராயி அந்தக் கயிற்றைக் குளிக்கும்போதுகூடக் கழற்றவிடவில்லை.

*

சிவப்பிரகாசம் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தின் சர்வே செக்‌ஷனில் டிராப்ட்ஸ்மேன். கும்பகோணத்துக்காரன், முப்பத்திரண்டு வயது. மனைவி அம்சவல்லியோடும் கைக்குழந்தையோடும் குவார்ட்டர்ஸில் இருந்தான். ஆபீசில் கோடு போடுவதோடு, ஆள் குறைந்த நாட்களில் வெளியே அளவு எடுக்கவும் போவான். பழைய சரித்திரத்தில் அவனுக்குப் பைத்தியம். லைப்ரரியில் கிடைத்ததையெல்லாம் படித்துக் குறிப்பு எழுதி வைத்துக்கொள்வான். அதைக் கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

ஆடி மாதம் ஒருநாள் கால்வாயின் மட்டம் பார்க்கக் கருவியை நிறுத்தியிருந்தான். வெயிலுக்காகப் பிடித்திருந்த பெரிய குடையின் நிழலில் பாப்பா வந்து நின்றாள்.

"சார், இதுல பாத்தா என்னா தெரியும்?"

"நீயே பாரேன்" என்று தூக்கிக் காட்டினான்.

ஒரு கண்ணை மூடத் தெரியாமல் இரண்டு கண்ணையும் இடுக்கிக்கொண்டு பார்த்தவள், "எங்கம்மா தலகீழா நிக்குது!" என்று கத்திச் சிரித்தாள். அந்தக் கருவியில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். அவளைக் கீழே இறக்கும்போதுதான் அவன் காசைப் பார்த்தான்.

மயிலைச் சுற்றி ரோமானிய எழுத்துகள். திருப்பினான். பெண்ணின் முகம் தலைகீழாகத் தொங்கியது. துளை போட்டவர்களுக்கும் மயில்தான் வேண்டியிருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். ரோமாபுரிக் கப்பல்கள் மிளகுக்கும் முத்துக்கும் பொன் கொண்டுவந்து கொட்டியதைப் படித்திருக்கிறான். அந்தப் பொன்னில் ஒரு துண்டு, கூழ் காய்ந்த வாயோடு நிற்கிற ஒரு பெண்குழந்தையின் கழுத்தில் கிடந்தது.

வீராயி ஓடிவந்தாள். "அது சாமி காசுங்க சார். புள்ளைக்கு வலிப்பு வராம இருக்கக் கட்டியிருக்கறன்."

"நான் எடுத்துக்க மாட்டேம்மா. பார்த்து வரைஞ்சுக்கறேன், அவ்வளவுதான்."

அவள் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவன் மண்டியிட்டு இரண்டு பக்கத்தையும் பென்சிலால் வரைந்துகொண்டான். வீட்டுக்கு வந்து இந்தியன் இங்க்கில் பெரிதாக வரைந்தான். நல்ல படம். அதைச் சென்னை மியூசியத்துக்கு அனுப்பி, இது எந்த அரசனுடைய காசு என்று கேட்டுக் கடிதம் எழுதினான். எங்கே, யாரிடம் பார்த்தான் என்பதையும் விவரமாக எழுதினான். அவன் மனசில் ஒரு ஆசை இருந்தது. ஏதாவது ஒரு ஆராய்ச்சி இதழில், ஒரு மூலையில், இதைக் கண்டு தெரிவித்தவர் இன்னார் என்று தன் பெயர் வரும் என்று.

மியூசியத்திலிருந்து அவனுக்குப் பதில் வருவதற்கு முன்னால் கலெக்டருக்குக் கடிதம் போய்விட்டது. மண்ணுக்குள்ளிருந்து எடுத்த பொன்னை அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம். புரட்டாசியில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஒருவர் ஜீப்பில் வந்து, சிவப்பிரகாசத்தை ஆபீசிலிருந்தே ஏற்றிக்கொண்டார். காசு இருக்கும் இடத்தைக் காட்டவேண்டியது அவன்தான்.

இன்ஸ்பெக்டர் கெட்ட மனிதர் அல்ல. அதட்டவில்லை. "கேஸ் ஒண்ணும் கிடையாதும்மா. தெரியாம வச்சிருந்தேன்னு நானே எழுதிக்கறேன். கழட்டிக் குடு" என்றார்.

வீராயி அவரைப் பார்க்கவில்லை. சிவப்பிரகாசத்தைப் பார்த்தாள். "வரைஞ்சுக்கறதோட சரின்னு சொன்னீங்களே சார்."

"எனக்குத் தெரியாதும்மா. இப்படி ஆகும்னு தெரியாது."

"எழுதிப் போட்டது நீங்கதானுங்களே?"

அவள் முடிச்சில் கை வைத்தாள். அது அவிழவில்லை. பாவாடை திரும்பி நின்றுகொண்டான். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் சிவப்பிரகாசம்தான் குனிந்து, ஏழு மாத வேர்வையில் இறுகியிருந்த அந்த முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்த்தான்.

பாப்பா அழவில்லை. "திரும்பக் குடுப்பியா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

"பத்து நாள்ல வந்துடும்" என்றான். வராது என்று அவனுக்குத் தெரியும்.

*

ஐப்பசி மழையில் குடிசைகளைச் சுற்றித் தண்ணீர் நின்றது. பாப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் வலிப்பு வந்தது, நின்றது, மறுபடியும் வந்தது. பாவாடை அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். மூளைக்காய்ச்சல் என்றார் டாக்டர். அவரால் முடிந்ததைச் செய்தார். மூன்றாம் நாள் காலையில் பாப்பா இறந்துபோனாள்.

சிவப்பிரகாசத்துக்குச் செய்தி மத்தியானம்தான் தெரிந்தது. போனான். அவனைப் பார்த்ததும் குடிசை வாசலில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி அவன் காதில் விழும்படியே சொன்னாள்:

"காச அவுத்த கை இதுதான்."

வீராயி நிமிர்ந்து பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

அதற்குப் பிறகு அளவு எடுக்கப் போகிற இடமெல்லாம் அந்தப் பேச்சு அவனுக்கு முன்னால் போய் நின்றது. கூடை தூக்கும் பெண்கள் அவன் வந்தால் குழந்தைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். வீட்டில் தன் குழந்தையைத் தூக்கவே அவனுக்குத் தயக்கமாக இருந்தது. டாக்டரிடம் இரண்டு தடவை போய், காசுக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டான். "படிச்சவர்தானே நீங்க?" என்றார் டாக்டர். படித்தது அவனுக்கு உதவவில்லை.

கார்த்திகையில் மியூசியத்திலிருந்து கடிதம் வந்தது.

காசு ஆயிரத்து எண்ணூறு வருஷங்களுக்கு முந்தையது என்று எழுதியிருந்தார்கள். அதில் இருப்பது பவுஸ்தீனா என்ற ரோமாபுரி ராணி. அந்தோனினஸ் என்ற சக்கரவர்த்தியின் மனைவி. அவன் பட்டத்துக்கு வந்த சில வருஷங்களிலேயே இறந்துபோனாள். அவளைத் தெய்வமாக்கிக் கோயில் எழுப்பி, அவள் முகத்தைக் காசில் அடித்தான் அவன். அதற்குப் பின் இருபது வருஷம் அவன் ஆண்டான். அவள் முகம் போட்ட காசுகளும் வந்துகொண்டே இருந்தன. மயில் அவர்களுடைய தேவராணியின் பறவை. ராணி இறந்தால் அவள் உயிரை மயில் சுமந்துகொண்டு வானத்துக்குப் போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. மயிலைச் சுற்றியுள்ள எழுத்துக்கு, தெய்வநிலை அடைந்தது என்று அர்த்தம். துளை நம் ஊரில் போட்டது. இப்படிப்பட்ட காசுகளை இங்கே பெண்கள் கழுத்தில் அணிந்திருக்கிறார்கள்.

சிவப்பிரகாசம் கடிதத்தை இரண்டு முறை படித்தான். அந்த ராஜாவின் துக்கம் அவனைத் தொட்டது உண்மை. அதே சமயம், ஒரு மாதமாக நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தது கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்ததுபோலவும் இருந்தது. ஏன் என்று அவன் யோசிக்கவில்லை. ஆபீஸ் விட்டதும் நேராகக் குடிசைக்குப் போனான்.

வீராயி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். பாவாடை வெளியே உட்கார்ந்திருந்தான். சிவப்பிரகாசம் நின்றபடியே கடிதத்தைத் தமிழில் சொன்னான். ராஜா, ராணி, கோயில், மயில் எல்லாவற்றையும் சொன்னான்.

"அந்த மயிலு சாதாரண மயில் இல்லம்மா. மேல கூட்டிக்கிட்டுப் போற மயில். உன் பொண்ணையும் அது பத்திரமாத்தான் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும்."

ஆறுதலாகச் சொல்கிறோம் என்றுதான் அவன் நினைத்தான்.

வீராயி ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளினாள். "அப்ப, முருகன் மயிலு இல்லீங்களா?"

"இல்லம்மா. அது வேற தேசம்."

"அந்த முகம் சாமி இல்லீங்களா?"

"ராணிம்மா. செத்துப்போய்ச் சாமியானவ."

"செத்தவளுக்குப் போட்ட காசு." அவள் கேள்வியாகக் கேட்கவில்லை. "சாவு வந்தா தூக்கிக்கினு போறதுக்குன்னு போட்ட மயிலு. அத ஏழு மாசம் எம்புள்ள நெஞ்சுல கட்டி வச்சிருந்தேன். நீ அவுத்ததாலன்னு ஊரே சொல்லிச்சு சார். நானும் அப்படித்தான் நெனச்சுக்கினு இருந்தேன். நீ இல்ல. நாந்தான். எங்கையாலதான் கட்டினேன்."

"ஐயோ, அப்படி இல்லம்மா. அது வெறும் காசு..."

அவள் கேட்கவில்லை. எரிகிற விறகைப் பிடித்த கையை எடுக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். பாவாடை எழுந்து வந்து அவள் கையை விலக்கிவிட்டான். பிறகு சிவப்பிரகாசத்தின் பக்கம் திரும்பி, "நீங்க போங்க சார்" என்றான். கோபம் இல்லாத குரல்.

வீட்டுக்கு வந்து அம்சவல்லியிடம் நடந்ததைச் சொன்னான். குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே அவள் முழுவதையும் கேட்டாள்.

"இதை ஏன் போய்ச் சொன்னீங்க?"

"அவளுக்குத் தெரியணும் இல்லையா? என்ன காசுன்னு..."

"இத்தனை நாள் உங்களைத் திட்டிக்கிட்டு அழுதுகிட்டிருந்தா. இனிமே தன்னையே திட்டிக்கிட்டு அழணும். உங்களுக்கு இன்னிக்குத் தூக்கம் வரும். அவளுக்கு?"

அவன் கடிதத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்தான். தன் பெயர் இதழில் வருமா என்று அதற்குப் பிறகு அவன் நினைக்கவே இல்லை.

*

மறுவாரம் போனபோது குடிசை காலியாக இருந்தது. மந்தாரக்குப்பத்தில் கண்ட்ராக்ட் ஆட்கள் கூடும் டீக்கடையில் விசாரித்தான். கம்பி கட்டுகிற அய்யாசாமி என்பவன்தான், அவர்கள் சொந்த ஊரான காடாம்புலியூருக்கே போய்விட்டதாகச் சொன்னான்.

போகவேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டான். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பஸ் ஏறினான். முந்திரிக்காட்டில் பெண்கள் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பழத்திலிருந்து கொட்டையைத் திருகிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்த வீராயியை முதலில் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு இளைத்திருந்தாள்.

"நான் அன்னிக்குத் தப்பாச் சொல்லிட்டேங்க" என்று ஆரம்பித்தான். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கோத்துவைத்த பேச்சு. "மயில் அவங்க தேவராணியோட பறவைன்னு சொன்னேன் இல்லையா? அந்த தேவதைதான் அவங்களுக்குக் கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் காவல். பொம்பளைங்களையும் பிள்ளைங்களையும் காப்பாத்தற தெய்வம். அப்புறமா புஸ்தகத்துல படிச்சேன். அதனால நீங்க கட்டினது..."

"வாணாங்க" என்றாள்.

"பொய் இல்லைங்க. நிஜமாவே..."

"நெசமாவே இருக்கட்டுங்க. அன்னிக்குச் சொன்னதும் நெசம்தான். இப்ப சொல்றதும் நெசம்தான். இன்னும் எத்தினி அர்த்தம் இருந்தாலும் எம்புள்ள இல்ல. காசப் பத்தி எங்கிட்ட இனிமே பேச வாணாங்க சார்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். காற்று இல்லை. முந்திரிப்பழ வாடையில் தலை சுற்றியது. இனி நிற்க ஒன்றும் இல்லை என்று அவன் திரும்பியபோது அவளே கூப்பிட்டாள்.

"உங்க ஆபீசுல கோடு போடறது நீங்கதானுங்களே? சொரங்கம் வெட்டற மெஷினு எந்தப் பக்கம் வெட்டிக்கினு வரும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பாப்பாவப் பொதச்சது எங்க குடிசைக்குப் பின்னால, சொரங்கத்துக்காக ஊரு காலி பண்ணிப் போனாங்களே, அவங்க சுடுகாட்டுலதான். புளியமரத்துக்குக் கெழக்கால. அங்க எப்ப வரும்?"

பிளானைப் பார்க்கவேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. சுரங்க எல்லைக் கோட்டை மையால் இழுத்ததே அவன்தான். "அடுத்த மாசிக்குள்ள வந்துடும்."

அவள் கையிலிருந்த கொட்டையைக் கூடையில் போட்டாள். "வர்றதுக்கு முன்னாடி சொல்லுங்க. அது ஒண்ணு செஞ்சாப் போதும்."

*

வருஷம் திரும்பித் தை வந்தது. பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் சிவப்பிரகாசம் காடாம்புலியூர் போய்ச் சொன்னான். மறுநாள் முதல் பஸ்ஸில் அவர்கள் இருவரும் வந்தார்கள். அவன் லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தான்.

அந்த இடத்தைப் பார்த்ததும் வீராயி நின்றுவிட்டாள். புளியமரம் இல்லை. நிலத்தைச் சீராக்கிய புல்டோசர், மரத்தை வேரோடு எடுத்து மேட்டையும் பள்ளத்தையும் ஒன்றாக்கிவிட்டிருந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே செம்மண். பாவாடை இங்கேயும் அங்கேயும் நடந்தான். வீராயி, "எம்மா, எங்க இருக்கற? எங்க இருக்கற?" என்று முணுமுணுத்துக்கொண்டே மண்ணைக் காலால் தடவினாள்.

"கொஞ்சம் இருங்க" என்றான் சிவப்பிரகாசம். காலி செய்த ஊரின் பழைய படத்தில் அந்தப் புளியமரம் குறிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் இன்னும் நின்றிருந்த இரண்டு சர்வே கல்லிலிருந்து மரத்துக்கு எத்தனை தூரம் என்பதை எழுதிக்கொண்டு வந்திருந்தான். ஒரு கல்லில் டேப்பின் ஒரு நுனியைப் பாவாடையிடம் பிடிக்கச் சொல்லி, மண்ணில் ஒரு வளைவு கீறினான். அடுத்த கல்லிலிருந்து இன்னொரு வளைவு. இரண்டும் வெட்டிய இடத்தில் ஒரு முளை அடித்தான்.

"மரம் இங்க இருந்தது. எத்தனை அடி தள்ளிப் புதைச்சீங்க?"

"ஏழு தப்படி" என்றான் பாவாடை. கிழக்கே திரும்பித் தப்படி வைத்து நடந்தான். ஏழாவது தப்படியில் நின்றவன், அங்கேயே உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மண்வெட்டியை எடுத்தான்.

பாதி ஆழத்துக்கு மேல் வீராயி அவனை வெட்டவிடவில்லை. இறங்கிக் கையாலேயே தோண்டினாள். சிவப்பிரகாசம் தூரமாகப் போய் நின்றுகொண்டான். மைன்ஸ் பக்கமிருந்து மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே அவள் சத்தமாக அழுதது ஒரு தடவை கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

அவள் மேலே வந்தபோது மஞ்சள் நனைத்த புதுத்துணியில் ஒரு சிறிய மூட்டை இருந்தது. எவ்வளவு சிறியது என்று பார்த்ததும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூவரும் மந்தாரக்குப்பம் வரை நடந்தார்கள். ஒரு இடத்தில் பாவாடை மூட்டையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

காடாம்புலியூர் பஸ்ஸில் கூட்டம். ஜன்னலோரம் அவளுக்கு இடம் கிடைத்தது. கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்து, "மூட்டையக் கீழ வையம்மா, பக்கத்துல ஆள் உக்காரணும்" என்றார்.

"மடியிலயே இருக்கட்டுங்க" என்றாள் வீராயி.

கண்டக்டர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.

சிவப்பிரகாசம் ஜன்னலுக்குக் கீழே நின்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை. பஸ் கிளம்பி வளைவில் திரும்பும்வரை, அவள் குனிந்து துணியின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.